வெள்ளிக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமை ரொட்டி: மில்வாக்கியில் ஏழு நாள்

ஊர் திரும்பி நாலு நாளாகிறது, இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து பசிக்கிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து, அங்கே நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக எழுதிப் போடுகிறேன். கம்பெனி அனுப்பிய பயிற்சி. அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, அது மெஷின் சமாச்சாரம், யாருக்கும் தூக்கம்தான் வரும். தின்றதும் குடித்ததும் மட்டும்தான் இங்கே.

கூட வந்தவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சுத்த சைவம். முட்டை விஷயத்தில் மட்டும் அவருக்குத் தனிச் சட்டம் ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரிந்தால் அது முட்டை, கேக்குக்குள் போய்விட்டால் அது கேக்.

மே 7, செவ்வாய்

விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நின்றேவிட்டது. அண்ணாவின் நீலப் பெட்டி வரவில்லை. என் பெட்டி வந்துவிட்டது, ஆனால் அதில் இருந்தது துணிமணி. எங்கள் ஒரு வாரச் சாப்பாடு முழுக்க அவர் பெட்டியில்: பருப்புப்பொடி அரைக் கிலோ, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உப்புமா பாக்கெட் பன்னிரண்டு, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர். எல்லாம் அண்ணி கட்டிக்கொடுத்தது.

"துணி போனாப் போகுதுங்க தம்பி. பொடி போச்சே" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

கவுண்டரில் இருந்த பெண் நாளைக்கு வந்துவிடும் என்றார். இந்த 'நாளைக்கு' என்ற சொல்லை அடுத்த ஐந்து நாளும் தொலைபேசியில் கேட்டோம். பதில் சொன்ன ஆள்தான் மாறிக்கொண்டே இருந்தது, பதில் மாறவில்லை.

மில்வாக்கி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோவுக்கு வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்குள், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் ஊருக்குள் 5,77,000 பேர். நம் கோயம்புத்தூர்க்காரனுக்கு அது ஊரே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் தெருவில் காற்று மட்டும்தான் நடமாடுகிறது. மே மாதம் என்று நம்பி ஸ்வெட்டர் எடுத்து வராதது என் தப்பு.

திறந்திருந்தது மூலையில் இருந்த ஒரு டாவர்ன் மட்டும். பார் என்று சொல்லலாம், ஆனால் இங்கே குழந்தை குட்டியோடு வந்து சாப்பிடுகிறார்கள். கதவைத் திறக்கும்போது எதிரே வந்த பெரியவர் என்மேல் லேசாக இடித்துவிட்டு "ஓப்!" என்றார். மன்னிப்புக்கும் 'அடடே'வுக்கும் நடுவில் ஒரு சத்தம். அந்த வாரம் முழுக்க இதைக் கேட்டேன். கடைசியில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

உட்கார்ந்ததும் மெனுவில் அண்ணா கண்ணுக்கு முதலில் பட்டது 'சீஸ் கர்ட்ஸ்'.

"தம்பி, தயிர் இருக்குதுங்க!"

"அண்ணா, அது சீஸ் கர்ட்..."

"சீஸ் போட்ட தயிரா இருக்கும். பரவால்லீங்க. சாதம் மட்டும் ஒரு பிளேட் கேளுங்க."

சாதம் இல்லை. வந்தது ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் காகிதம் விரித்து, மேலே பொன்னிறமாகப் பொரித்த உருண்டைகள், பக்கத்தில் கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு சாஸ். அண்ணா கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார். "போண்டாங்க இது" என்றார். ஒன்றை எடுத்துக் கடித்து இழுத்தார், வாய்க்கும் கைக்கும் நடுவே நூல் ஒரு முழம் வந்தது. நூலை எப்படி அறுப்பது என்று தெரியாமல் கையை உயர்த்திக்கொண்டே போனார், எழுந்து நின்றுவிடுவார் போலிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா, அறுபது வயது இருக்கும், ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். சிரிக்கவே இல்லை. தினமும் பார்ப்பார் போல.

கூடை 11 டாலர். பாதிக் கூடையில் வயிறு நின்றுவிட்டது.

மே 8, புதன்

பயிற்சி நடந்த இடத்தில் மதியம் டப்பாவில் சாண்ட்விச். அண்ணாவுடைய சைவ டப்பாவில் ரொட்டிக்கு நடுவே இரண்டு இலையும் ஒரு தக்காளி வில்லையும். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு "ஹால் கடைசியில் பப்ளர்" என்றார்கள். நான் ஏதோ கேன் வைத்திருப்பார்கள் என்று தேடிக்கொண்டே போனேன். குனிந்து வாய் வைத்துக் குடிக்கிற சுவர்க் குழாய்க்குத்தான் இந்த ஊரில் அந்தப் பெயர். அண்ணா அண்ணாந்து குடித்தே பழகியவர். குனிந்து, மேலே பீறிடுகிற தண்ணீரைப் பிடிக்கப் பார்த்துக் காலர் முழுக்க நனைந்தது.

சாயங்காலம் தேர்ட் வார்ட் பகுதியில் பப்ளிக் மார்க்கெட். 2005-இல் கட்டியது, சந்தை என்ற பெயரே தவிர நம் உக்கடம் மார்க்கெட்டை நினைக்க வேண்டாம், தரையில் சோறு போட்டுத் தின்னலாம். மீன், காபி, சாக்லேட், ஒயின் என்று கடைகள். சீஸ் கடை ஒன்றில் நேற்றுப் பொரித்துத் தின்ற அதே கர்ட், பொரிக்காமல் பையில் கிடந்தது. பாலைத் திரிய வைத்து, நீர் வடிந்தபின் மிஞ்சுகிற கட்டிகளை அழுத்தி செடார் சீஸ் ஆக்குவதற்கு முன் எடுத்துவைத்த துண்டுகள், அவ்வளவுதான். ஒரு விரல் கனம், கோணல்மாணலாக.

கடைக்காரப் பையன் ஒரு துண்டைக் கொடுத்து "காதால் சாப்பிடுங்கள்" என்றான். கடித்தால் கீச்சென்று சத்தம்! ஈரத் தரையில் ரப்பர் செருப்பு இழுபடுகிற அதே கீச்சு, பல்லுக்குள்ளே. புதிதாக இருக்கும்வரை அதில் உள்ள புரதம் வலைபோல இறுகி நிற்கும், பல்லில் உரசும்போது கத்தும், ஒன்றிரண்டு நாளில் இளகிப்போனால் சத்தம் அடங்கிவிடும் என்றான். கத்தாத கர்ட்டை உள்ளூர்க்காரர்கள் மதிப்பதில்லை. பழசாகிவிட்டால் மைக்ரோவேவில் சில வினாடி வைத்து எடுக்கச் சொன்னான், கொஞ்சம் உயிர் திரும்புமாம்.

அண்ணா வாயில் போடுமுன் ஒரு கேள்வி கேட்டார். சீஸ் உறைய வைக்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பையன் பையைத் திருப்பி லேபிளைக் காட்டினான். இது நுண்ணுயிரிலிருந்து எடுத்த என்சைம், கவலை வேண்டாம், ஆனால் எல்லா சீஸும் அப்படியில்லை, கேட்டு வாங்குவது நல்லது என்று பொறுமையாகச் சொன்னான்.

"அப்ப நேத்து தின்னது?" என்றேன், சும்மா இருக்க மாட்டாமல்.

"நேத்து தின்னது நேத்தோட போச்சுங்க."

ஒரு பை வாங்கிக்கொண்டு ஆற்றோரமாக நடந்து வந்தோம். தெற்கே தூரத்தில் நாலு முகமும் மணி காட்டுகிற பெரிய கடிகாரக் கோபுரம் விளக்குப் போட்டு நின்றது. அந்தப் பக்கம் போலந்துக்காரர்கள் நிறையப் பேர் குடியிருந்ததால் அதற்குப் 'போலிஷ் மூன்' என்று பட்டப்பெயர். கீச் கீச்சென்று மென்றுகொண்டே பார்த்தோம்.

மே 9, வியாழன்

காலையில் சாப்பிட்ட இடத்தில் டோஸ்ட்டும் துருவி வறுத்த உருளைக்கிழங்கும். ரொட்டிமேல் வெண்ணெய் உருகி ஓடியது. அண்ணா ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரியே இருக்குதுங்க தம்பி." மூன்று நாளில் அவர் ஒன்றைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. இது வெண்ணெய்தானா, இல்லை எண்ணெயில் செய்கிற போலி வெண்ணெயான மார்ஜரினா என்று பரிமாறியவரிடம் நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

விஸ்கான்சினில் வாடிக்கையாளர் தானாகக் கேட்டாலொழிய வெண்ணெய்க்குப் பதில் வண்ண மார்ஜரினைப் பரிமாறுவது சட்டப்படி குற்றம். இன்றைக்கும் அந்தச் சட்டம் இருக்கிறது. 1967 வரை மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரினை மாநிலத்துக்குள் விற்கவே முடியாது. அவருடைய பாட்டி எல்லை தாண்டி இல்லினாய்ஸ் போய் காரின் பின்பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவாராம், நம் பக்கத்தில் புதுச்சேரியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவருகிற மாதிரி. கார் நம்பர் பிளேட்டிலேயே 'அமெரிக்காவின் பால் நாடு' என்று போட்டுக்கொள்கிற ஊர், வெண்ணெய்க்காகப் போலீஸ் வைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

ராத்திரி ஒரு செர்பிய உணவகம். வாகனம் ஓட்டி வந்தவர் சொன்ன யோசனை. சைவமா, பூரெக் தின்னுங்கள் என்றார். தாள் போல மெலிசான மாவு ஏடுகளுக்குள் கீரையும் சீஸும் வைத்துச் சுடுவது. ஆர்டர் கொடுத்தால் அரைமணி நேரம் ஆகும் என்று முதலிலேயே எச்சரித்தார்கள், நாற்பது நிமிடம் ஆனது. வந்தது தட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, மேலே மொறுமொறு, உள்ளே ஆவி. சூட்டில் என் மேலண்ணம் பொத்துவிட்டது. முழுசாகத் தின்றோம். இந்த ஊருக்கு ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும் வந்தது எல்லோருக்கும் தெரியும், செர்பியர்களும் கணிசமாக வந்து பட்டறைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள்.

வருகிற வழியில் பழைய டாவர்ன் கட்டடங்களைப் பார்த்தோம். சிலவற்றின் உச்சியில் கல்லாலான உருண்டை, அதில் வார்ப்பட்டை. ஷ்லிட்ஸ் பீர் கம்பெனியின் சின்னம். அந்தக் காலத்தில் பீர் கம்பெனியே மூலைக்கு மூலை கட்டடம் கட்டிக்கொடுத்து, தன் பீரை மட்டும் விற்க வைத்திருக்கிறது. ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர் என்று நாலு பெரிய கம்பெனி இருந்த ஊரில் இன்று பெரிய அளவில் காய்ச்சுவது மில்லர் மட்டும். ஷ்லிட்ஸ் ஆலை 1981-இல் மூடியது, பாப்ஸ்ட் 1996-இல். வண்டி ஓட்டியவர் இதைச் சொல்லும்போது வருத்தப்பட்டதைவிட, 2024 ஜனவரியிலிருந்து நகரத்து விற்பனை வரி ஏறி மொத்தம் 7.9 சதவீதம் ஆனதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். பில்லில் அதற்குமேல் டிப்ஸ் இருபது சதவீதம் போட்டு, 83 ரூபாயால் பெருக்கிப் பார்க்கிற வேலையை அண்ணா அன்றோடு நிறுத்திவிட்டார். ராத்திரி தூக்கம் வருவதில்லையாம்.

பெட்டி? நாளைக்கு.

மே 10, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து போன். அங்கே சாயங்காலம் ஐந்தரை. இன்றைக்கு அட்சய திருதியை, நகைக்கடையில் கூட்டம் தாங்கவில்லை, ஒரு கிராம் நாணயம் வாங்கினேன் என்று மனைவி சொன்னாள். பக்கத்தில் அம்மா போனை வாங்கி, "வெள்ளிக்கெழமை, கவிச்சி கிவிச்சி தின்னுபோடாத" என்றார்.

இதை எங்கே போய்ச் சொல்ல. மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். ஊரே மீன். டாவர்ன், ஹோட்டல், தேவாலயத்துக் கூடம் எதை எடுத்தாலும் வாசலில் 'ஃபிஷ் ஃப்ரை' பலகை. காலையிலிருந்து பயிற்சியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, இன்று எங்கே மீன் தின்னப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். மீன் தின்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர், லேக்ஃப்ரண்ட் என்ற பீர் ஆலைக்குப் போங்கள், அங்கே போல்கா பாட்டுக் குழுவோடு மீன் கிடைக்கும் என்றார். நாங்கள் போனது தெற்குப் பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு டாவர்ன். பெயர் வேண்டாம், அதே மாதிரி இன்னும் எத்தனையோ இருக்கும்.

ஆறு மணிக்கே ஒரு மணி நேரக் காத்திருப்பு. பெயரை எழுதிக்கொண்டு, பாரில் போய் நில்லுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். பாரில் எல்லோர் கையிலும் ஒரே பானம், செம்மஞ்சள் நிறம், மேலே ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும். அதையே எனக்கும் கேட்டேன். "பிராந்தி ஓல்ட் ஃபேஷன்ட். ஸ்வீட்டா, சவரா, பிரஸ்ஸா?" என்று கேட்டார் பார்க்காரர். விழித்தேன். பக்கத்து ஸ்டூல் பெரியவர் விளக்கினார். செவன் அப் ஊற்றினால் ஸ்வீட், புளிப்பான சோடா என்றால் சவர், பாதி செவன் அப் பாதி வெறும் சோடா என்றால் பிரஸ். மற்ற மாநிலங்களில் இதை விஸ்கியில் போடுவார்கள், இங்கே பிராந்தி. கோர்பெல் என்ற கலிஃபோர்னியா பிராந்தியில் பாதிக்குமேல் விஸ்கான்சின்காரர்கள்தான் குடிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். பிராந்தி குடிக்க எங்கள் தமிழ்நாட்டுக்கு ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. டாஸ்மாக்கை ஆங்கிலத்தில் விளக்கிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது, அரசாங்கமே கடை நடத்துகிறதா என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசவில்லை.

பார்க்காரர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் அடியில் சர்க்கரைக் கட்டி, அதன்மேல் கசப்புச் சாறு நாலு சொட்டு, ஆரஞ்சு வில்லை, செர்ரி. ஒரு மரக்குச்சியால் நம் வீட்டில் பருப்பு மசிக்கிற மாதிரி நசுக்கினார். ஐஸ், பிராந்தி, செவன் அப். 8 டாலர். பழரசம் மாதிரி இறங்கும், அதுதான் ஆபத்து. நான் இரண்டு குடித்தேன். அண்ணா வெறும் செவன் அப்பில் செர்ரி போட்டு வாங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி கையில் வைத்துக்கொண்டார்.

மீன் கதையையும் பெரியவரே சொன்னார். கத்தோலிக்கர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு. மீன் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது டாவர்ன்காரர்கள் பீர் விற்க முடியாமல், ஏரியில் மலிவாகக் கிடைத்த பெர்ச் மீனைப் பொரித்து விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்க ஆயர்களே தவக்காலம் தவிர மற்ற வெள்ளிக்கிழமைகளில் விலக்கைத் தளர்த்திவிட்டார்கள். ஊர் தளர்த்தவில்லை. மிச்சிகன் ஏரியில் இந்தப் பக்கம் பெர்ச் குறைந்துபோய் 1996-இல் வியாபாரத்துக்குப் பிடிப்பதையே நிறுத்தியாயிற்று, மீன் வேறெங்கிருந்தோ வருகிறது. பழக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்பதால் மீன் கூடாது. இவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்பதால் மீன்தான். இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்து என் முதுகில் தட்டினார், பிராந்தி கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

இதற்குள் எங்கள் முறை வந்து போய்விட்டது. பெயர் எழுதிக்கொண்ட பெண் மைக்கில் மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், அது என் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி இருபது நிமிடம்.

தட்டில் பீர் கலந்த மாவில் முக்கிப் பொரித்த காட் மீன் மூன்று துண்டு, கோஸ் சாலட், கம்பு மாவு மாதிரி நிறத்தில் ரை ரொட்டி, எலுமிச்சை, உருளைக்கிழங்குத் தோசை, அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். தோசைக்கு ஆப்பிளா என்று முகம் சுளித்தேன், தின்றபின் சுளிக்கவில்லை. 17 டாலர். மீன் வெள்ளைவெளேரென்று, மசாலா கிடையாது, உப்பு கிடையாது. எலுமிச்சையைப் பிழிந்து, மிளகுத்தூளை உடைத்துக் கொட்டி ஒப்பேற்றினேன். மேல் மாவு மட்டும் பிரமாதம். அண்ணாவுக்கு உருளை வறுவல், ரொட்டி, கோஸ். கோஸில் இருக்கும் மயோனைஸ் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவிடமும் நான் சொல்லவில்லை, கணக்கு சரியாகிவிட்டது.

ஒன்பதரைக்கெல்லாம் தூக்கம். எண்ணெயும் பிராந்தியும்.

மே 11, சனி

காலையில் வரவேற்பில் இருந்த பையன் "பார்த்தீர்களா?" என்றான். எதை என்றேன். போனை நீட்டினான். ராத்திரி வானம் முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையும், கீழே ஏரி. வடதுருவ ஒளி! 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய சூரியப் புயலாம், எந்தக் கட்டணமும் இல்லாமல் வானத்தில் காட்டியிருக்கிறார்கள், ஊரே கரையில் போய் நின்றிருக்கிறது. நாங்கள் போர்வைக்குள் இருந்தோம். அண்ணா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டாவது கிளாஸ் வேண்டாம்னேன்" என்று மட்டும் சொன்னார்.

ஏரிக்கு நடந்தோம். நகரத்துக்குள் வெயில் சுள்ளென்று இருக்கும், கரைக்குப் போனால் குளிர் பிடித்து உலுக்கும். வானிலைச் செய்தியிலேயே 'ஏரியோரம் குளிர் கூடுதல்' என்று தனியாகச் சொல்கிறார்கள். மறுகரை தெரியாது. அலை அடிக்கிறது, கடற்காக்கை கத்துகிறது. அண்ணா கல்மேல் குந்தி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்லீங்க தம்பி."

இத்தனை தண்ணீரும் குடிக்கிற தண்ணீர் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சிறுவாணியை நம்பி வளர்ந்த இரண்டு பேர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் 27-ஆம் தெருவில் லியோன்ஸ். 1942-லிருந்து நடக்கும் கஸ்டர்ட் கடை, நியான் விளக்குகள், உட்கார மேசை கிடையாது, வாங்கிக் கொண்டு காரில் சாய்ந்தபடி தின்கிறார்கள். கஸ்டர்ட் என்றதும் நம் பாக்கெட் தூள் கஸ்டர்ட் என்று நினைத்தோம். இது ஐஸ்கிரீமின் அண்ணன். காற்று அதிகம் புகாமல் கடைவதால் கெட்டியாக, அவ்வளவு சில்லென்று இல்லாமல், கரண்டியில் எடுத்தால் வழுவழுவென்று மடிந்து விழுகிறது. பெக்கான் பருப்பை வெண்ணெயில் வறுத்துப் போட்டது ஒன்று, வெனிலா ஒன்று. மெதுவாகத் தின்னலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

ஊரில் வேறு கஸ்டர்ட் கடைகளில் தினம் ஒரு சுவை. எந்த நாள் என்ன சுவை என்று மாதம் முழுக்க அட்டவணை அச்சடித்துத் தருகிறார்கள், வரிசையில் நின்ற ஒரு அம்மா அதைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கிற நமக்கு இது புரியாதா.

அண்ணா இரண்டாவது கோப்பை வாங்கப் போனபோது நான் போனில் படித்துவிட்டேன். கஸ்டர்ட் என்று விற்க வேண்டுமானால் எடையில் குறைந்தது 1.4 சதவீதம், நீர் நீக்கிய கணக்கில், முட்டை மஞ்சள் கரு இருந்தாக வேண்டும், மத்திய அரசின் விதி. அவர் திரும்பி வந்து, கண்ணை மூடித் தின்று முடித்து, கோப்பையை வழித்து, "எங்க வூட்டுக்காரிக்கு இத எப்படியாச்சும் கொண்டுபோகோணும்" என்றார். அதற்குமேல் மனசு கேட்கவில்லை, சொன்னேன்.

கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு. ஏனுங்க தம்பி சொன்னீங்க?"

ஹோட்டல் வரும்வரை பேசவில்லை. ராத்திரி வானத்தில் ஒளி மறுபடி வரும் என்று யாரோ சொல்ல, அவர்தான் எழுப்பிக் கூட்டிப்போனார். ஒரு மணிவரை ஏரிக்கரையில் நின்றோம், எங்களோடு இன்னும் ஒரு நூறு பேர். ஒன்றும் வரவில்லை. ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் சூடான சாக்லேட் ஊற்றிக் கொடுத்தாள், முன்பின் தெரியாதவர்களுக்கு. அண்ணா இரண்டு முறை வாங்கிக் குடித்தார், அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு.

மே 12, ஞாயிறு

இன்று அமெரிக்காவில் அன்னையர் தினம் என்று எங்களுக்குத் தெரியாது. எந்தக் கடையிலும் உட்கார இடமில்லை. பூங்கொத்தும் அம்மாவுமாக வாசல்களில் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள், ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேசைகளில் பிளடி மேரி. தக்காளிச் சாறும் வோட்காவும்தான், ஆனால் கிளாஸ்மேல் குச்சி குத்திச் சீஸ், ஊறுகாய், இறால், தொத்திறைச்சி என்று கோபுரம் கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் துணைக்கு ஒரு குட்டி கிளாஸ் பீர். இந்த ஊரில் முழுக் கோழியைப் பொரித்து மேலே நிறுத்தித் தருகிற கடையும் உண்டு. குடிக்க எங்கே வாய் வைப்பது என்று அண்ணா கேட்டார், எனக்கும் தெரியவில்லை.

பசியோடு நடந்து ஒரு பேக்கரி வாசலில் வரிசையைப் பார்த்து நின்றுவிட்டோம். சர்ச் முடிந்து வந்த கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சூடான ஹாம் ஒரு பவுண்டு வாங்கினால் ரொட்டி இலவசம். வேறு எந்த ஊரிலும் இப்படிக் கிடையாது என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள், அதை யார் முதலில் சொல்வது என்று போட்டி வேறு. 9 டாலர் சொச்சத்துக்கு ஆவி பறக்கும் பன்றிக்கறி, கூடவே காகிதப் பையில் ஆறு ரொட்டி, மேலே முறுமுறுப்பு, உள்ளே பஞ்சு. கறி எனக்கு, ரொட்டி அண்ணாவுக்கு. என்ன கணக்கில் பார்த்தாலும் அவருக்குத்தான் இலவசம்.

வரிசையில் எங்கள் பின்னால் நின்ற தம்பதி விடைபெற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். "சரி, அப்ப கிளம்புறோம்" என்று தொடையில் தட்டிக்கொண்டு சொன்னபின் கதவருகே ஐந்து நிமிடம், படியில் ஐந்து நிமிடம், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி. எங்கள் ஊரில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அரைமணி பேசுவோமே, அதே. மகளின் திருமணம்வரை தெரிந்துகொண்டோம்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டி வந்தது. ஒரு சக்கரம் இல்லை. விமானம் நாளைக் காலை பதினொன்றுக்கு.

மே 13, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். அறையில் அவர் மேசைமேல் ஹோட்டல் துண்டை விரித்திருந்தார். நேற்றைய ரொட்டி நாலு மிச்சம். காபி மெஷின் தட்டில் வைத்துச் சூடு காட்டியிருந்தார். கீழே போய் வாங்கி வந்த வெண்ணெய்க் கட்டி பத்து. பருப்புப்பொடி பாக்கெட்டை வாயால் கடித்துத் திறந்ததும் அறை முழுக்க வரமிளகாயும் பூண்டும். ரொட்டியைப் பிளந்து, வெண்ணெயைத் தடவி, பொடியைத் தூவி, மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. வெண்ணெய் பொடியில் ஊறிச் செம்மண் நிறமாக ஓரத்தில் பிதுங்கியது. இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். ஏழு நாளில் நான் தின்ற நல்ல சாப்பாடு எது என்று கேட்டால், மீன்காரப் பெரியவர் மன்னிக்க வேண்டும்.

பெட்டியை விமானத்தில் போட்டார், பொடியைப் போட மறுத்துவிட்டார். "ஒருக்காப் பட்டது போதுமுங்க. இது இனி என் மடியிலதான்." கைப்பையில் அரைக் கிலோ பொடி. பாதுகாப்புச் சோதனையில், 350 மில்லிக்குமேல் தூள் என்றால் தனியாக எடுத்துப் பார்ப்பார்களாம், பையை ஓரம் கட்டினார்கள். அதிகாரி பெரிய உடம்பு, கையுறை போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் தூக்கி, இது என்ன என்றார்.

"லென்டில் பவுடர்" என்றார் அண்ணா. யோசித்து, "வித் பட்டர்" என்று சேர்த்தார்.

அதிகாரி முகம் மாறியது. "பட்டரா? அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பட்டைபோல ஒரு தாளால் பாக்கெட்டைத் துடைத்து மெஷினில் காட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

சோதனை தாண்டியதும் சில பெஞ்சுகள், மேலே பெரிய எழுத்தில் 'ரீகம்பாபுலேஷன் ஏரியா' என்று பலகை. அகராதியில் இல்லாத சொல்லை இந்த விமான நிலையமே 2008-இல் கண்டுபிடித்து மாட்டியிருக்கிறது. கலைந்துபோனவர்கள் பெல்ட், ஷூ எல்லாம் போட்டுத் தன்னைத் தானே சேர்த்துக்கொள்கிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஷூ கயிற்றைக் கட்டினேன். அண்ணா பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் பொடிப் பாக்கெட்டின் வாயை மூன்று மடிப்பு மடித்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, போதாதென்று இன்னொரு ரப்பர் பேண்டு இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.